நீண்ட பாவாடையும் துவிச்சக்கர வண்டியும்
(ஆண்பிள்ளைப் போக்குடைய சிறுமியர்க்கு அளிக்கப்பட்ட பரிசில்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு எதனைக் கொடுப்பது என்ற கேள்வி வீட்டினுள்ளே எழுந்து வீட்டினுள்ளேயே அடங்கிவிடுவது. அரசர்களின் போர்களையும் அரசாங்கங்களின் சட்டங்களையும் ஆராய்வோருக்கு அது பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றுவதில்லை. எனினும் பரிசாகக் கொடுக்கப்படும் பொருள், கொடுப்பவர் அப்பிள்ளை எத்தகையவராக வளரவேண்டுமென எண்ணுகின்றார் என்பதற்கு நேரடியான சான்றாகும். ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போகும் பிள்ளைக்குப் பரிசு தேர்வதிற் சிக்கல் எதுவும் இல்லை. மரமேறுவதிலும் மதில் பாய்வதிலும் நாட்டமுடைய சிறுமிக்குப் பரிசு தேர்பவரோ பிள்ளையின் விருப்பத்திற்கும் ஊரின் வழக்கத்திற்குமிடையே ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவை சில எழுத்திற் பதிவாகி எமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இரு பெண்களின் வாழ்க்கையை முதன்மையாகக் கொண்டு இவ்விடயம் இங்கு நோக்கப்படுகின்றது.

இத்தகைய சிறுமியைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'ரொம்போய்' என்ற சொல் 16ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. முதலில் அது அடங்காத ஆண் பிள்ளையையே குறித்தது; அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே துடுக்கான பெண் பிள்ளையைக் குறிக்கலாயிற்று. ஆணுக்கு வைத்த வசை, பொருள் மாறிப் பெண்ணின்மேல் ஏறிய வகையில் இச்சொல்லின் வரலாறே சிந்தனைக்குரியது. தமிழிலே இதற்கு ஈடான தனிச்சொல் வழக்கில் இல்லை. 'பொடியன் மாதிரி' என ஒப்புமை கூறியே நாம் உணர்த்துகின்றோம்.

பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களை ஆண், பெண் என வகுத்துக் கூறியவர்களுட் பெரிதும் செல்வாக்குப் பெற்றவர் ரூசோ ஆவார். 1762இல் வெளிவந்த 'எமில்' என்ற நூலின் ஐந்தாம் பாகத்திலே, ஆண் பிள்ளைகள் பறை, பம்பரம், சிறுவண்டி ஆகியவற்றை நாடுவர் என்றும், பெண் பிள்ளைகள் கண்ணாடி, அணிகலன், துணி ஆகியவற்றையும் எல்லாவற்றிற்கும் மேலாகப் பாவைப்பிள்ளையையும் விரும்புவர் என்றும் அவர் எழுதினார். தமிழிலக்கியம் பயில்வோருக்கு இப்பட்டியல் புதுமையாக இராது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாகச் சிறுபறையும் சிறுதேரும் சிற்றில் சிதைத்தலும் அமைய, பெண்பாற் பிள்ளைத்தமிழிலே அம்மானையும் நீராடலும் ஊசலும் அமைவதை நாம் அறிவோம். ஒருவரையொருவர் அறியாத இரு மரபுகள் பறையையும் வண்டியையும் ஆண் பிள்ளையின் கையிலேயே கொடுத்தமை வியப்புக்குரியது. வேறுபாடு ஒன்றுண்டு. எமது புலவர்கள் மரபை மரபாகவே பாடினர். ரூசோவோ அதனை இயற்கையின் விதியாக்கினார்.

அந்த இயற்கை விதியை மேரி வொல்ஸ்டன்கிராப்ட் 1792இல் வெளியிட்ட பெண்ணுரிமை பற்றிய நூலில் மறுத்தார். வீட்டினுள் அடைத்துவைத்து உற்சாகத்தை ஒடுக்காவிடின் சிறுமி எப்பொழுதும் ஓடித்திரிபவளாகவே இருப்பாள் என்பதும், வேறு வழியின்றி அடைபட்டிருக்கும் போதே பாவைப்பிள்ளை அவள் மனத்தை ஈர்க்கின்றது என்பதும் அவரது வாதமாகும். இவ்வாதத்தின்படி நோக்கின், விதிவிலக்கு எனக் கருதப்பட்ட துடுக்குச் சிறுமியே இயல்பானவளாகின்றாள். ஆறாண்டுகளின் பின், 1798இல், மரியா எட்ஜ்வேர்த்தும் அவரது தந்தையாரும் எழுதிய 'நடைமுறைக் கல்வி' வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயமே விளையாட்டுப் பொருள்கள் பற்றியது. இருபத்திரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையானவர் ஒருவரின் வீட்டிலே பிறந்த நூலாதலின், அதன் அறிவுரைகள் வெறும் ஏட்டறிவினின்று எழுந்தவையல்ல. பார்ப்பதற்கு மட்டும் அழகான சாமான்களை விடுத்து, வெட்டவும் ஒட்டவும் கட்டவும் உதவும் பொருள்களையும் சிறு கருவிகளையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவாகும்.

ஆனால் பிறந்தநாட் பரிசு என்பதே எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருந்ததில்லை. பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேதான் அமெரிக்க மத்தியதர வர்க்கத்தினரிடையே படிப்படியாகப் பரவியது. அதே காலத்தில் அந்நாட்டின் தென்மாநிலங்களிலே அடிமைகளாகப் பிறந்தோர் தம் பிறந்தநாளையே அறியாதிருந்தனர். பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே இதனைக் கூறியுள்ளார். வயலில் வேலை வாங்கப்பட்ட அடிமைச் சிறுமியை எவரும் 'ரொம்போய்' எனக் கடிந்திருக்கமாட்டார்கள். ஓடியாடும் சிறுமியை அடக்குவதா விடுவதா என்பது, அவளை ஓடவிடுவதற்கு ஓய்வும் நிலமும் உடைய வர்க்கத்தின் கேள்வியேயாகும்.

அவ்வர்க்கத்தினரிடையே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு புதிய கருத்து வலுப்பெற்றது. இறுக்கிய கச்சும் மூடிய அறையும் பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கின்றன என மருத்துவரும் கல்வியாளரும் எழுதினர். சிறுவயதிலே திறந்தவெளியில் ஓடியாடிய பெண்ணே பிற்காலத்தில் உரமுள்ள தாயாவாள் என்ற எண்ணம் பரவியது. இது சிறுமிக்குக் கிடைத்த விடுதலைபோலத் தோன்றினும், இதன் நோக்கம் சிறுமியல்லள், அவள் பின்னர் ஆகப்போகும் தாயே என்பதை மறத்தலாகாது. ஆகவே அவ்விடுதலைக்கு ஒரு காலவெல்லை இருந்தது. எல்லை வந்ததும் அதனை அறிவிக்கும் நாளாக அமைந்தது பெரும்பாலும் ஒரு பிறந்தநாளே.

பிரான்சிஸ் வில்லாட்டின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்றாகும். 1839ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்திற் பிறந்த இவர், 1846இல் குடும்பத்தோடு விஸ்கொன்சினிலுள்ள ஜேன்ஸ்வில் என்னுமிடத்திற்குக் குடிபெயர்ந்தார். அண்ணன் ஒலிவர், தங்கை மேரி ஆகியோருடன் றொக் ஆற்றங்கரைப் பண்ணையொன்றிலே வளர்ந்தார். தலைமயிரைக் கட்டையாகக் கத்தரித்து, 'பிராங்க்' என்ற ஆண்பெயராலே அழைக்கப்பட்டார். தையலை வெறுத்தார், தச்சுக் கருவிகளை விரும்பினார். பிள்ளை தன் போக்கிலே வளரட்டும் என்பது தாயாரின் கொள்கை. தந்தையார் அத்துணை இளகியவரல்லர். மகள் குதிரையேறுவதை அவர் அனுமதிக்கவில்லை. மகள் பண்ணையிலிருந்த பசுவொன்றைப் பழக்கி அதன்மேல் ஏறிச் சவாரி செய்தார்! இதன் பின்னரே தந்தையார் இணங்கிக் குதிரையேற இடமளித்தார். எதைக் கொடுக்கலாம் என்பதைப் பெரியோர் தீர்மானிக்கும் வீட்டிலே, தனக்கு வேண்டியது எது என்பதைப் பிள்ளை தெரிவித்த முறை இது.

1855ஆம் ஆண்டு செப்டெம்பரிலே பதினாறாவது பிறந்தநாள் வந்தது. அன்று அவருக்குக் கிடைத்தவை நிலந்தோயும் நீண்ட பாவாடை, அதனோடு அணியவேண்டிய இறுக்கக் கச்சு, குதியுயர்ந்த சப்பாத்து ஆகியனவாம். தலைமயிர் வாரிச் சுருட்டப்பட்டு ஊசிகளாற் குத்தப்பட்டது. அதுவரை செய்துவந்தவையெல்லாம் அன்றோடு முடிந்தன என நாட்குறிப்பில் எழுதிவைத்ததாகவும், மேய்ச்சல் நிலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இளங்குதிரையின் நிலையில் இருந்ததாகவும் அவரே நாற்பது ஆண்டுகளின் பின் எழுதியுள்ளார். அந்நாளின் பின்பு நடப்பதையே தாம் வெறுத்ததாகவும் கூறுகின்றார். எமது சமூகத்திற் சாமத்தியச் சடங்கின்போது சிறுமிக்குச் சேலை உடுத்துவதை இங்கு நினைவுகூரலாம். இங்கு அது உறவினர் கூடும் சடங்காக நிகழ்கின்றது. அங்கு பிறந்தநாளின் போர்வையிலே நிகழ்ந்தது. இரண்டிலும் கிடைப்பது புதுப்புடவையே. அதனோடு வருவது முன்னிருந்த நடமாட்டத்தின் முடிவு.

வில்லாட்டின் பெற்றோரைக் கொடியவர் எனக் கொள்வதற்கில்லை. தம் காலத்து வழக்கப்படி நல்லதொன்றையே மகளுக்குக் கொடுத்ததாக அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். பாவாடையின் முழுப்பொருள் அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. 1856இல் நடந்த சனாதிபதித் தேர்தலில், இருபத்தொரு வயது நிரம்பிய ஒலிவர் முதன்முறையாக வாக்களிக்கத் தந்தையாரோடு வண்டியேறிப் போனார். அதனைச் சாளரத்தருகே நின்று கண்ணீரோடு பார்த்ததாகவும், தங்கையும் தானும் வாக்களிக்க விரும்பியும் அதைப் பிறரிடம் சொல்லத் துணியவில்லை எனவும் வில்லாட் குறிப்பிடுகின்றார். அண்ணனின் பிறந்தநாள் அவருக்கு வாக்குரிமையைக் கொண்டுவந்தது. தங்கையரின் பிறந்தநாள்கள் பாவாடையின் நீளத்தைக் கொண்டுவந்தன.

அதற்கடுத்த ஆண்டின் பிறந்தநாள் வேறுவகையானது. தந்தையார் வீட்டில் நாவல் வாசிப்பதைத் தடுத்திருந்தார். 1857 செப்டெம்பரிலே பதினெட்டு வயது நிறைவெய்திய அன்று, வில்லாட் ஸ்கொட்டின் 'ஐவன்ஹோ' நாவலைக் கையிலெடுத்து, எல்லோரும் காணத்தக்க இடத்திலே இருந்து வாசிக்கத் தொடங்கினார். தந்தையார் வந்து வினவியபோது, இன்று எந்நாள் என்பதை நினைவூட்டினார். தனக்குப் பராயம் வந்துவிட்டது, இனித் தன் விருப்பப்படி நடக்கலாம் என்றார். தந்தையார் முதலிலே திகைத்துப் பின்னர் சிரித்துவிட்டார். மகள் தன்னையே உரித்துவைத்தவள் எனக் கண்டு, அந்நூலைத் தாமும் சேர்ந்து வாசித்தார். ஒருவரும் கொடாத பரிசைத் தானே எடுத்துக்கொண்ட இப்பிறந்தநாள், முன்னைய பிறந்தநாளுக்கு அவர் அளித்த விடை எனலாம்.

அதே மயிர்க்குத்தூசி இலக்கியத்திலும் இடம்பெற்றது. லூயிசா மே அல்கொட் 1868இல் வெளியிட்ட 'சிறிய பெண்கள்' நாவல், சகோதரிகள் நால்வர் நத்தார்ப் பரிசுகள் பற்றிப் பேசுவதோடு தொடங்குகின்றது. தலைமயிரை உயர்த்திக் கட்டிய பின்பும் பையனைப் போல நடக்கலாமா என மூத்தவள் கடிந்தபோது, பதினைந்து வயது ஜோ தலையில் இருந்த வலையைப் பிடுங்கி எறிகின்றாள். அக்காலத்து வாசகியர் பலருக்கு இக்காட்சிக்கு விளக்கம் தேவைப்பட்டிராது.

வில்லாட் 1871இல் எவன்ஸ்ரன் மகளிர் கல்லூரியின் தலைவரானார். 1879 முதல் 1898இல் மறையும் வரை மகளிர் கிறித்தவ மதுவிலக்குச் சங்கத்தின் தேசியத் தலைவராக இருந்து, பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தார். கறுப்பினத்தவர் மீதான கும்பற் கொலைகள் பற்றிய அவரது கூற்றுகளை ஐடா பி. வெல்ஸ் கடுமையாகக் கண்டித்தமையும் இங்கு சொல்லப்பட வேண்டியதே. விடுதலையின் அருமை தெரிந்தவர் எல்லோருடைய விடுதலையையும் ஒரே கண்கொண்டு பார்த்தார் எனச் சொல்வதற்கில்லை. எமது பொருளுக்கு முக்கியமானது அவர் பெற்ற மற்றொரு பரிசாகும். தாயார் 1892இல் இறந்தபின் உடல்நலம் குன்றியிருந்த காலத்திலே, ஐம்பத்து மூன்றாவது வயதிலே, பரிசாகக் கிடைத்த துவிச்சக்கர வண்டியொன்றில் ஏறப் பழகினார். வண்டிக்குக் 'கிளாடிஸ்' எனப் பெயரிட்டார். முன்பின் சக்கரங்கள் சமமாகவமைந்த வண்டி 1885இலும், காற்றடைத்த ரயர் 1888இலும் வந்தபின்னரே பெண்கள் பெருந்தொகையினராக இவ்வண்டியில் ஏறமுடிந்தது. ஏறுவதற்கு நிலந்தோயும் பாவாடை உதவாது. நிலத்திலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்த பாவாடையை வில்லாட் அணிந்தார். ஏறக்குறைய மூன்று மாதம் நாள்தோறும் சிறிது நேரம் பழகி, மிதிக்கவும் திருப்பவும் இறங்கவும் தனியாக ஏறவும் கற்றார். இவ்வனுபவத்தை 1895இல் 'சக்கரத்துள் ஒரு சக்கரம்' என்ற சிறுநூலாக எழுதியபோதுதான் பதினாறாம் பிறந்தநாளின் பாவாடையை நினைவுகூர்ந்தார். அந்த மூன்று அங்குலத்தைப் பெற அவருக்கு முப்பத்தேழு ஆண்டுகள் சென்றன.

அந்நூல் வெளிவந்து இரண்டாண்டுகளின் பின், 1897 யூலை 24ஆந் திகதி, கன்சாஸ் மாநிலத்து அற்சிசன் நகரிற் பிறந்தவர் அமெலியா ஏர்ஹாட். இவரது பிள்ளைப்பருவத்திற் பரிசு தேர்தல் பற்றிய இருவேறு கொள்கைகள் ஒரே குடும்பத்தில் நிலவின. பாட்டனார் நீதிபதி, பாட்டியார் பழைய ஒழுக்கத்தவர். பேத்தி வேலியைப் பாய்ந்து கடப்பதைக் கண்ட பாட்டியார், தம் சிறுவயதிலே வளையம் உருட்டியதற்கு மேல் தாம் எதுவும் செய்ததில்லை எனக் கூறினார். அதன்பின் சில நாட்கள் தான் படலை வழியாகவே போய்வந்ததாக அமெலியா நகைச்சுவையோடு எழுதுகின்றார். சில நாட்கள் மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. தாயாரோ மகளிர் இருவருக்கும் பாவாடைக்குப் பதிலாகத் தளர்ந்த காற்சட்டை தைத்துக் கொடுத்தார். அதனை அணிந்தபோது விடுதலையுணர்வு மேலிட்டதென்றும், பாவாடையணிந்த அயற்சிறுமியரிடையே தாம் ஒதுக்கப்பட்டவர் போலவும் உணர்ந்ததென்றும் அமெலியா கூறுகின்றார். இவ்விரண்டாவது உணர்வைப் பெரியோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளை விரும்பியதைக் கொடுக்கும்போது அதற்காக ஊராரிடம் அப்பிள்ளை செலுத்தவேண்டிய விலையையும் சேர்த்தே கொடுக்கின்றோம்.

தந்தையார் எட்வின் ஏர்ஹாட் புகையிரதக் கம்பனிகளுக்குப் பணிபுரிந்த சட்டத்தரணி. பணத்தை எண்ணிச் செலவிடும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை; பிற்காலத்தில் மதுவினால் தொழிலையும் இழந்தார். குடும்பத் தலைவராக அவர் பெற்ற புள்ளிகள் குறைவே. ஆனால் பரிசு தேர்வதில் அவருக்கிருந்த நுண்ணறிவு வியக்கத்தக்கது. மகள் கேட்டதையே கொடுத்தார்: உதைபந்து, பண்ணைக் கொட்டிலில் எலி சுடுவதற்கான .22 துவக்கு, பையன்கள் பயன்படுத்தும் பனிச் சறுக்குவண்டி. அக்காலத்திலே சறுக்குவண்டியும் இருவகையாக இருந்தது. சிறுமியர்க்குரியதில் நிமிர்ந்து அமர்ந்தே செல்லவேண்டும். பையன்களுடையது பாரமற்றது, தாழ்ந்தது. வயிறு பலகையிற்படக் குப்புறப் படுத்துச் செல்லலாம். ஒருநாள் அமெலியா உறைபனி மூடிய மேட்டிலிருந்து வேகமாகச் சறுக்கிவருகையில், பழைய சாமான் வாங்குபவனின் குதிரைவண்டி குறுக்குத் தெருவிலிருந்து வந்துவிட்டது. கூச்சல் வண்டிக்காரனின் செவியில் விழவில்லை, திருப்பவும் வழியில்லை. தலையைத் தாழ்த்திக் குதிரையின் முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்குமிடையே புகுந்து அப்பாற் சென்றார். நிமிர்ந்து அமர்ந்திருந்தால் தன் தலையோ குதிரையின் விலாவெலும்போ உடைந்திருக்கும் என்பது அவரது கணிப்பு. சிறுமியர்க்குப் பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட வண்டியே அன்று ஆபத்தானதாக இருந்திருக்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

பரிசுக்கும் பிள்ளையின் எதிர்காலத்துக்குமிடையே நேர்கோடு இழுப்பதும் தவறாகும். டி மொயின் நகரிலே சந்தைத் திடலொன்றில் விமானத்தை முதன்முதலாகக் கண்டபோது, பெரியவர் ஒருவர் அது பறக்கும் எனச் சுட்டிக்காட்டியும் சிறுமி அமெலியா அதிலே நாட்டங்கொள்ளவில்லை. பதினைந்து சதத்துக்கு வாங்கிய, கூடையைக் கவிழ்த்தாற் போன்ற தொப்பியே அவருக்குப் பெரிதாகத் தோன்றியது. குதிரையின் கீழே சறுக்கிச் சென்ற சிறுமிக்கும் தொப்பி ஆசை இருந்தது! ஆண்பிள்ளைப் போக்கு என ஒரு பெயரைச் சூட்டி, அப்பெயருக்கேற்ப மட்டும் பரிசு தேர்பவர் இதனைக் காணத் தவறுவர். பறப்பின்மீது விருப்பம் பிறந்தது 1920 டிசெம்பரிலாகும். லோங் பீச் நகரில் தந்தையார் பத்து டொலர் செலுத்த, பிராங்க் ஹோக்ஸ் என்ற விமானியோடு பத்து நிமிடம் பறந்தார். மறுமாதமே நெற்றா சுனூக் என்ற பெண் விமானியிடம் பயிற்சி தொடங்கினார். 1921 கோடையில், தம் சேமிப்போடு தாயாரின் பணத்தையும் சேர்த்து மஞ்சள் நிறக் கின்னர் விமானம் ஒன்றை வாங்கினார். 1932 மே மாதத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே பறந்து கடந்த முதற் பெண் என்ற பெருமை பெற்றார். பிள்ளைகளின் திறமையை நோக்காது ஆண், பெண் என்ற புறாக்கூடுகளில் அடைக்கும் கல்விமுறையை அவ்வாண்டு வெளியிட்ட நூலிலே கண்டித்தார். 1937 யூலை 2ஆந் திகதி ஹவுலண்ட் தீவை நோக்கிப் பறந்தபோது காணாமற் போனார்.

ஏர்ஹாட்டின் தலைமுறையிலேயே பரிசு தேரும் அதிகாரம் வேறொரு கைக்கு மாறத் தொடங்கியது. லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹோன்பி 1901இல் உரிமம் பெற்ற, பின்னர் 'மெக்கானோ' எனப் பெயர்பெற்ற உலோகத்துண்டுத் தொகுதியும், அமெரிக்காவில் 1913இல் கில்பேட் விற்பனைக்குவிட்ட 'எரெக்ரர்' தொகுதியும் விளம்பரங்களிலே பையன்களையே விளித்தன. முன்னர் தந்தையோ பாட்டியோ வகுத்த எல்லையை இப்பொழுது பெட்டியின் மேலட்டையே வகுத்தது. தச்சனிடம் சிறு சுத்தியல் கேட்டு வாங்கிய காலத்திலே அச்சுத்தியலின்மேல் எவருடைய படமும் இருக்கவில்லை என்பது சிறு வேறுபாடன்று.

1970களிற் பெண்விடுதலை இயக்கத்தின் தாக்கத்தால் இந்நிலை ஓரளவு தளர்ந்தது. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1974இல் தன் பெட்டிகளுடன் பெற்றோருக்கு இணைத்த குறிப்பிலே, ஆக்கும் ஆர்வம் ஆண் பெண் இருபாலாரிடமும் சமமாக உண்டு எனவும், எது பிடிக்கின்றதோ அதனைப் பிள்ளையே அமைக்கட்டும் எனவும் கூறியது. 1981இல் அந்நிறுவனத்தின் விளம்பரத்தில் நீலக் காற்சட்டையும் இரட்டைப் பின்னலுமாகத் தோன்றிய சிறுமி, தான் கட்டியதைக் கையிலேந்தி நின்றாள். ஆனால் சந்தையின் தாராளம் சந்தையின் இலாபத்துக்கு உட்பட்டது. ஒரே வீட்டில் அண்ணனின் பெட்டி தங்கைக்கு உதவாதெனின் இரண்டு பெட்டிகள் விற்பனையாகும் அல்லவா? அடுத்துவந்த ஆண்டுகளில் இளஞ்சிவப்பு நிறமும் நீல நிறமும் கடைத்தட்டுகளை முன்னிலும் கடுமையாகப் பிரித்தன. 2012இல் அதே லெகோ நிறுவனம் சிறுமியர்க்கெனத் தனித் தொகுதியை வெளியிட்டபோது கண்டனங்களும் எழுந்தன, விற்பனையும் பெருகிற்று.

கலிபோர்னியா மாநிலம் 2021 ஒக்டோபரிலே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, ஐந்நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் பெருங்கடைகள், ஆண் பெண் வேறுபாடு குறிக்காத விளையாட்டுப் பொருட் பகுதியொன்றை வைத்திருத்தல் வேண்டும். 2024 ஜனவரி முதல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏனைய பகுதிகள் பழையபடியே இருப்பதற்கு அதிலே தடையில்லை. ஆகவே பேத்தியின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கப்போகும் பாட்டியார் எந்தத் தட்டை நோக்கி நடப்பது என்பதை இன்றும் தாமே தீர்மானிக்க வேண்டியவராக உள்ளார்.